ஊர் ஏக்கம்

குலசேகரன் வெளிநாடு போய்த் திரும்பும்போதெல்லாம் மனைவி அம்சவேணிக்கு ஒரு கரடி பொம்மை வந்து சேரும். “மூட்டு வலியோட நீ எதுக்கு அலையணும்? ஊரையே கொண்டாந்துட்டேன் பாரு” என்பார். அந்த வலி என்றைக்கோ போய்விட்டது. அவர் பேச்சிலிருந்துதான் போகவில்லை. ஷோகேஸில் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் கரடிகள் மூச்சடக்கி உட்கார்ந்திருந்தன.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் கரடிப் பிரசங்கம், அப்புறம்தான் காபி. அன்று எதிர்வீட்டுத் தம்பதி மாட்டிக்கொண்டார்கள். குலசேகரன் சுவிட்சர்லாந்துப் பனிமலையில் பாதி ஏறியிருந்தபோது அம்சவேணி எழுந்துபோய் ஷோகேஸைத் திறந்தாள். சுவிஸ் கரடியை எடுத்துக் கவரை உரித்து, குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“இதுக்கு ஊர் ஞாபகம் வந்துடுச்சுங்க. ஒரே அழுகை. இந்த வாட்டி நானே கொண்டுபோய் விட்டுட்டு வரேன். மத்ததுங்களை நீங்க பார்த்துக்குங்க.”

குலசேகரன் பெரிதாகச் சிரித்தார். எதிர்வீட்டுக்காரரும் மரியாதைக்குச் சிரித்து வைத்தார். அம்சவேணி சிரிக்கவில்லை; கரடியின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டுக்காரரின் மனைவி சோபாவிலிருந்து எழுந்து வந்து, கரடியின் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

“பாவம். துணைக்கு நானும் வரட்டுமாக்கா?”