முழங்கை அளவு

"பளபள வெள்ளை வேண்டவே வேண்டாம். மூணே வருஷத்துல பழசாத் தெரியும்," என்றேன்.

"அப்போ சமையலறைக்கு என்னதான் போடலாம், செர்வா?" என் கணவர் அசாரே படங்களை நீட்டினார்.

"மரநிறம். மேடைக்குக் கறுப்புக் கல்லு. பின்வாசல்ல ஃபுஃபுக்குக் கிழங்கு இடிக்கத் தனி இடம். இருபது வருஷம் ஆனாலும் யாரும் பழைய மாடல்னு சொல்ல மாட்டாங்க."

"உன் ரசனையே ரசனை!" என்று எழுதிக்கொண்டார். ஆனால் குமாசி நகருக்கு வெளியே கட்டும் அந்த வீட்டை முடியும்வரை நான் பார்க்கக் கூடாதாம். பார்த்ததும் அசந்துபோகணுமாம்.

எட்டு மாதம் பொறுத்தேன். நேற்று முடியவில்லை. தச்சர் ஒவுசுவுக்குக் சோளமாவுக் கென்கேயும் வறுத்த மீனும் கட்டிக்கொண்டு, சொல்லாமல் போய் நின்றேன்.

நான் சொன்ன மரநிறம். நான் சொன்ன கல். ஆசையாக மேடை முன் நின்றேன். அது என் நெஞ்சுக்கு வந்தது.

"என்ன தச்சரே, அளவெடுக்கத் தெரியாதா? நான் ஸ்டூல் போட்டு ஏறியா சமைக்கிறது?"

ஒவுசு சிரித்தார். "நீங்க விருந்துக்கு வர்ற அன்னிக்கு ஸ்டூல் செஞ்சு தர்றேம்மா. சமைக்கிறவங்க முழங்கையை அளக்காம நான் பலகையை அறுக்கவே மாட்டேன். வீட்டுக்காரம்மாவைச் செருப்பைக் கழட்டச் சொல்லி, இங்கயே நிக்கவெச்சு அளந்தேன். நல்ல உயரம்!"

"எந்த வீட்டுக்காரம்மா?"

"அசாரே ஐயா சம்சாரம்தான்." அவர் மீனைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். "நீங்க ஐயாவோட அக்காதானே? நெறமெல்லாம் எங்கக்கா செலக்ஷன்னு ஐயா பெருமையாச் சொல்வாரு. அந்தம்மாவுக்கும் ரொம்பப் பிடிச்சுப்போச்சு."