கறி விட்ட வெள்ளாடு

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று தேவாலய வளாகத்து வெள்ளாடு அடுப்புச் சாம்பலில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வந்தது. வேலியோரம் கிளறிக்கொண்டிருந்த கோழியைப் பார்த்து, "இந்தத் தவக்காலம் முடியுற வரைக்கும் நான் கறி, மீன் எதையும் தொடமாட்டேன்" என்றது.

"ஒரு துண்டுகூடவா?" என்று வாயைப் பிளந்தது கோழி.

"குழம்புகூடக் கிடையாது."

கோழிக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களை மாதிரி யாரால முடியும், அண்ணே!" என்றது. அந்தச் சொல் ஆட்டுக்கு வெல்லமாக இனித்தது. அன்றிலிருந்து தலையைத் தொங்கப்போட்டபடி, பார்ப்பவர் பரிதாபப்படும்படி நடக்கத் தொடங்கியது. யாராவது "உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டால் போதும், "ஒண்ணுமில்லை, நோன்பு" என்று பெருமூச்சு விடும்.

வெயிலில் புல்லெல்லாம் கருகிப்போன ஒரு நாள், புதிதாகக் குட்டி போட்டிருந்த முயல் தள்ளாடிக்கொண்டு வந்தது. ஆட்டுக்காக மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டிருந்த அகத்திக்கீரை அதற்கு எட்டவில்லை.

"அண்ணே, எனக்குப் பால் வத்திப்போச்சு. குட்டிங்க துவண்டு கிடக்குது. ரெண்டு கொத்து இழுத்துப் போடுங்களேன்."

ஆடு மென்றுகொண்டே கண்ணை மூடி யோசித்தது. அதற்கு உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தது.

"அடடா, தங்கச்சி! கறி கேட்டிருந்தா, என் பங்கு மொத்தத்தையும் உனக்கே கொடுத்திருப்பேனே!"

முயல் திரும்பிப் போனது. அதன் குட்டிகளுக்காக உருக்கமாக ஒரு ஜெபம் சொல்லிவிட்டு, ஆடு அடுத்த கொத்தை இழுத்தது.