அந்தக் குரல்தான் வேணும்

“சார், இந்த மாதிரி ஆளுங்களை நீங்க நேர்ல பார்த்ததே இல்லை. அதான் பிரச்சினையே!” டைரக்டர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் எறிந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக் முன்னால் நின்ற டப்பிங்காரர் தொளதொள சட்டையின் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். காலையில் அவசரத்தில் கொடியில் கைக்கு எட்டியதை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். “உள்ள இன்னொரு ஆளும் புகலாம்ணே” என்று சவுண்ட் இன்ஜினியர் அப்போதே கிண்டலடித்துவிட்டார்.

திரையில் ஒரு வீடு, சேர்ந்து வாழும் இரண்டு ஆண்கள். வேலை முடிந்து வருகிறவன், “சாப்பிட்டியா? எனக்காக ஏன் காத்திருக்கே?” என்று கேட்க வேண்டும். இந்த ஒரு வசனம் காலையிலிருந்து எல்லோர் உயிரையும் வாங்கிக்கொண்டிருந்தது.

“சாப்பிட்டியாஆ...”

“கட்! இழுக்காதீங்க சார்!”

இத்தனை வருஷமாக இப்படிப்பட்ட பாத்திரம் என்றாலே இவரைத்தான் கூப்பிடுவார்கள். குழைந்து, இழுத்து, ஒரு ‘ஐயோ’ போட்டால் தியேட்டரே சிரிக்கும். இவருக்கு மட்டும் வயிறு எரியும். இப்போதுதான் ஒரு படம் அவர்களையும் மனிதர்களாகக் காட்டுகிறது, பாழாய்ப்போன நாக்கோ பழைய ராகத்தை விடுவேனா என்கிறது.

“ஆறு மாசம் அவங்களோட பழகி எழுதின படம் சார் இது. லஞ்சுக்குள்ள வரலைன்னா வேற ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். தப்பா நினைக்காதீங்க.”

டீ பிரேக் விட்டார்கள். சவுண்ட் இன்ஜினியர் மைக்கை அணைக்க மறந்து எழுந்து போனார். டப்பிங்காரர் எரிச்சலோடு போனை எடுத்தார்.

“ஒண்ணும் சரியா வரலை. என்னை மாத்திடுவாங்கபோல... அது கிடக்கட்டும், சாப்பிட்டியா? எனக்காக ஏன் காத்திருக்கே? மாத்திரை போடணும்ல, முதல்ல சாப்பிடு.”

“சார்!” ஸ்பீக்கரில் டைரக்டர் அலறினார். “இதான்! இந்தக் குரல்தான் வேணும்!”

டப்பிங்காரர் போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு விழித்தார்.

“லைன்ல வீட்டம்மாதானே? அவங்களை நினைச்சுக்கிட்டே பேசுங்க சார், போதும். மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.”

டப்பிங்காரர் மறுபடி சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

“வீட்டம்மா இல்ல சார். இந்தச் சட்டைக்குச் சொந்தக்காரர்.”