சுவரில் விழுந்த கோடு

மாலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து ஹால் சுவரில் விழுகிறது. பெயின்டரின் மனைவி கையில் உப்புத்தாளோடு அப்படியே நின்றுவிடுகிறாள். சுவரின் இடப்பாதி பால்வெள்ளை, வலப்பாதி தந்தவெள்ளை. படுக்கையறைக்கு வைத்திருந்த டப்பாவை எடுத்து அவர் வலப்பக்கத்தை அடித்திருக்கிறார். இரண்டும் சேரும் இடம் நடுச்சுவரில் கோடு கிழித்தாற்போல் தெரிகிறது. அவரோ ரோலரைத் துடைத்தபடி, "பாத்தியா, ஒட்டே தெரியல," என்கிறார். நிறம் பார்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பார்கள். "ஏங்க, இங்க நிறம் மாறுதோ?" என்று அவள் சாதாரணமாகக் கேட்டு, ஒரே நிறமாக இருக்கும் இடது ஓரத்தில் விரலை வைக்கிறாள். அவர் கிட்டே வந்து கண்ணைச் சுருக்குகிறார். விரலைப் பார்க்கிறார், அவள் முகத்தைப் பார்க்கிறார், மறுபடி விரலைப் பார்க்கிறார். "ஆமாமா, லேசா மாறுது. காஞ்சா சரியாயிடும்," என்கிறார். ஈரச் சுவரிலிருந்து விரலை எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை. வெளிச்சுவர் வேலைக்காக மூன்று மாடி உயரத்துக்குக் கட்டிய சாரத்தின் நிழல் அவள் கைமேல் லேசாக ஆடுகிறது. நாளைக்கு அவர் அதில் ஏற வேண்டும்.