கேட்டில் தொங்கிய வேப்பிலை

கராச்சர்மா என்ற தீவு ஊரில், தன் வீட்டு கேட்டில் வேப்பிலைக் கொத்தைக் கட்டிவிட்டு, விஜயகுமாரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"தாயே, கோவிச்சுக்காதே. எனக்கு வேற வழி தெரியலை."

வீட்டில் யாருக்கும் அம்மை இல்லை. விருதுநகரிலிருந்து நாத்தனார் பொன்னம்மா வரப்போகிறாள், அவ்வளவுதான். கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டில் வெயில் ஏறினால் பொன்னம்மாவுக்குத் தம்பி பாசமும் ஏறிவிடும். வந்தால் லேசில் நகர மாட்டாள். ஹேவ்லாக், நீல் தீவு என்று சுற்றிப் பார்ப்பதெல்லாம் தம்பி செலவு. குழம்பில் உப்பு கூட, குறைவு என்று சொல்வது மட்டும் அவள் பொறுப்பு.

அதனால், உங்க தம்பி மேல ஆத்தா இறங்கியிருக்கா, இந்த வருஷம் வேண்டாம் மதினி என்று போனில் குரலைத் தழைத்துச் சொல்லி வைத்தாள்.

மறுநாளே பொன்னம்மா ஏர்போர்ட்டிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஆத்தா இருக்கிற வீடு கோயில் மாதிரி, எனக்கென்ன பயம் என்றாள். அந்தப் புழுக்கத்திலும் முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

பாவம், புருஷன் சுதாகர். வேப்பிலைப் படுக்கை, மோர்க்கஞ்சி. பக்கத்து வீட்டில் சூரை மீன் பொரியும்போதெல்லாம் பெண்டாட்டியை முறைத்தான். அக்கா அவனை ஒட்டி உட்கார்ந்து விசிறியபடி, உடம்பில் ஒரு முத்துகூடக் காணோமே என்று தேடினாள். எல்லாம் உதிர்ந்துவிட்டது என்றாள் விஜயகுமாரி.

வேப்பிலையைப் பார்த்துவிட்டு, அதே தெருவில் இருக்கும் நர்ஸ் நளினி உள்ளே வந்தாள். முத்து உதிர்ந்தால் என்ன, சமீபத்தில் அம்மை வந்திருந்தால் ரத்தத்தில் அதற்கான ஆன்டிபாடி இருக்கும், டெஸ்ட் எடுத்துவிடலாம் என்றாள்.

விஜயகுமாரி குறுக்கே வந்து நின்றாள். ஆத்தாவுக்கு ஊசி ஆகாது என்று தடுத்துப் பார்த்தாள்.

"நீ ஏன் பதறுறே? குத்திப் பாரும்மா" என்றாள் பொன்னம்மா.

"நீங்களும் கையை நீட்டுங்க. வீட்டுல இருக்கற எல்லாருக்கும் எடுக்கணும்" என்றாள் நளினி.

விருந்தாளிக்கு எதற்கு என்றாள் பொன்னம்மா. சர்க்கரை இருக்கிறது என்றாள். நளினி விடவில்லை.

வாரக் கடைசியில் ரிசல்ட்டோடு வந்தாள். "சாருக்கு அம்மை இல்லை. இதுவரைக்கும் வந்ததும் இல்லை."

பொன்னம்மா எழுந்தே விட்டாள். "நெனச்சேன். எனக்கு ஒரு வாய் சோறு போட மனசில்லாம, ஆத்தா பேரைச் சொல்லிப் பொய்யா? நீயெல்லாம் வெள்ளிக்கிழமை எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு விளக்கேத்துறே?"

விஜயகுமாரி தலை குனிந்தாள்.

"ஏக் மினிட், நான் இன்னும் முடிக்கலை" என்றாள் நளினி. "இந்த வீட்டுல ஒருத்தருக்கு இப்பத்தான் அம்மை வந்திருக்கு. உங்க முதுகைக் கொஞ்சம் காட்டுங்கம்மா."

பொன்னம்மா முந்தானையை இறுக்கிக்கொண்டாள்.

"கெளம்புறப்பவே முத்து பாதி காஞ்சிருச்சு. டிக்கெட்டை ரத்து பண்ணுனா காசு வராதுன்னுட்டாங்க..." என்று முனகினாள்.

முதலில் அந்தப் பொய்யையாவது அவிழ்த்துப் போடலாம் என்று விஜயகுமாரி வாசல் கேட்டுக்கு நடந்தாள்.

நளினி தடுத்தாள். "வேப்பிலை இருக்கட்டும் தீதி. சாருக்கு இதுவரைக்கும் வந்ததில்லைன்னேனே. ரெண்டு வாரத்துல வேண்டியிருக்கும்."