ஜாஃபரானியின் மரச்செருப்பு

"உங்க அம்மா வச்ச பேரை இன்னைக்காவது பழைய எசமானிகிட்ட கேட்டுடுவியா? போன தடவை வாசலைப் பார்த்துட்டுத் திரும்பி வந்த ஆளாச்சே நீ!" என்று காலையில் கணவன் ஃபெருஸி சீண்டினான். "இந்தத் தடவை செருப்புப் போட்டுக்கிட்டுப் போறேன்யா" என்று ஜாஃபரானி சிரித்தாள்.

இப்போது ஸான்சிபார் தீவின் வெயில் எசமானி வீட்டுத் தேக்குக் கதவின் பித்தளைக் குமிழ்களில் மின்னுகிறது. அடிமைகள் செருப்பணியக் கூடாதென்ற வழக்கம் போன வருஷம் விடுதலையோடு போய்விட்டது. ஆனாலும் மரச்செருப்பை வெளியே விடுவதா, டக்டக்கென்று உள்ளே நடப்பதா என்று அவள் கால்களுக்குத் தெரியவில்லை. கடைசியில் செருப்போடே உள்ளே போகிறாள். முற்றத்தில் கிராம்பு காய்கிறது. "உட்காருடி... உட்காரும்மா" என்று பழைய எசமானி பீபி ஜுவேனாவும் தடுமாறுகிறாள். விருந்தாளிக்குக் காப்பி ஊற்ற அவள் கூஜாவை எடுக்க, பழக்கதோஷத்தில் ஜாஃபரானியின் கையும் அதையே பிடிக்கிறது. காப்பி பாயில் சிந்துகிறது. துடைக்க இருவருமே குனிகிறார்கள். இரண்டு தலைகளும் முட்டிக்கொள்கின்றன. யார் மன்னிப்புக் கேட்பது என்று இருவருக்கும் புரியவில்லை. ஈரப் பாயைப் பார்த்தபடியே ஜாஃபரானி வாய் திறக்கிறாள்.

"பீபி, ஜாஃபரானிங்கிறது நீங்க வச்ச பேரு. ஆறு வயசுல இங்க வந்து நின்னப்போ, அழுதுகிட்டே ஒரு பேரு சொன்னேனே... அதை எனக்குச் சொல்லுங்க."