கண்ணாடி ஏறுகிறது

கிள்ளானில் வானம் கறுத்துவிட்டது. வீட்டு முன் நிற்கும் காரின் கதவுக்குள் கண்ணாடி இறங்கிக் கிடக்கிறது. யாழ்ப்பாணத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கை பன்னிரண்டு வருடம் கழித்து வருகிறாள். அழைத்துவர, குணபூசணி ஒரு மணி நேரத்தில் சுபாங் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். கதவின் உள்பலகையைக் கழற்றி, முழங்கை வரை கையை உள்ளே விட்டிருக்கிறாள். "டாக்சி கூப்பிடட்டா?" என்கிறார் கணவர் முத்துக்குமாரு. "வேணாம்லா. சுவிட்ச அமுக்குனா உள்ள மோட்டார் ஓடுற சத்தம் கேக்குதுல்ல? கண்ணாடிதான் பிடியவிட்டு நழுவிடுச்சு. டார்ச்ச இங்க காட்டுங்க." இடக்கையால் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, வலக்கையால் இரண்டு போல்ட்டுகளை இறுக்குகிறாள். முதல் துளிகள் காரின் கூரையைத் தட்டுகின்றன. "இப்ப சுவிட்ச அமுக்குங்க." கண்ணாடி மெல்ல முனகிக்கொண்டு, கோணாமல், உச்சிவரை ஏறுகிறது. அதில் நரைத்த தலையோடு தன் முகம் தெரிய, அவள் குரல் முதன்முறையாகத் தணிகிறது. "அவளுக்கு என்னை அடையாளம் தெரியுமா?" முத்துக்குமாரு பதில் சொல்வதற்குள் சாவிக்காகக் கை நீட்டுகிறாள்.